ஐந்தாவது கணுக்கால்

ஒரகடம் தாண்டி இடது பக்கம் திரும்பினால் தகரம் போர்த்திய மலை ஒன்று தெரியும். பன்னிரண்டு மாடி உயரம். இருபது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மலைக்கு என்ன குறைச்சல். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி வெயில். உள்ளே பனிச்சறுக்குக் கூடம்: பூஜ்யத்துக்கு நான்கு டிகிரி கீழே, சரிவு முழுக்கப் பனி. நான் முதல்முறை போன அன்று என் ஸ்கூட்டர் சீட்டில் தோசை ஊற்றியிருந்தால் திருப்பிப் போடவே வேண்டியிருக்காது. உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடம் மீசை உறைந்து, தும்மினால் ஒரு பக்கம் உடைந்து விழுந்துவிடும் போலிருந்தது.

எடையளவுத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் தணிகாசலம். தராசு, படிக்கல், பெட்ரோல் குழாய், ஆட்டோ மீட்டர் என்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் என் முத்திரை படாத கருவியே கிடையாது. அளக்கிற கருவி எதுவானாலும் அரசு முத்திரை வேண்டும் என்பது சட்டம். இப்போது பூட்ஸும் அளக்கிறது, அதனால் பூட்ஸுக்கும் முத்திரை. துறையில் ஆள் இல்லை என்று என்னைப் போன்ற பழையவர்களைக் கூப்பிட்டார்கள். "பதினாலு ஜோடி சார், ஒரு காலை நேர வேலை" என்றார்கள். அந்த ஒரு காலை ஐந்து நாள் நீண்டது. எனக்கு அதற்குள் ஐந்து வயது கூடியது.

பூட்ஸ் அறையில் கம்பெனி இன்ஜினியர் அபினேஷ் இருந்தான். இருபத்தாறு வயது. மூன்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. மேசையில் பதினான்கு ஜோடி 'காவல் பூட்ஸ்'. பதின்மூன்றில் பச்சை விளக்கு. கடைசி ஜோடியில் சிவப்பு.

"இது யாருது?"

"பியூலான்னு ஒரு பொண்ணு சார். அதை விடுங்க. பூட்ஸ் கோளாறு இல்ல, கால் கோளாறு."

"கால் கோளாறுன்னு யார் சொன்னது?"

"பூட்ஸ் சொல்லுது."

"பூட்ஸ் சரியா சொல்லுதுன்னு யார் சொன்னது?"

"அதைச் சொல்லத்தானே சார் நீங்க வந்திருக்கீங்க."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இப்படி வட்டமாகப் பேசுகிற எண்ணெய்க் கடைக்காரர்கள் ஆயிரம் பேரைப் பார்த்தவன். "முதல்லேர்ந்து சொல்லு. கால் எப்படி உடையுது?"

அபினேஷ் கையையே பாதமாக வைத்துக் காட்டினான். "ஸ்னோபோர்டுல ரெண்டு காலும் ஒரே பலகையில குறுக்கா கட்டியிருக்கும் சார். குதிச்சு இறங்கும்போது முன்கால்தான் முதல்ல அடி வாங்கும். பாதம் மேல்பக்கமா மடங்கும், அதே நேரத்துல ஒரு பக்கமா உருளும். மேலேர்ந்து உடம்போட மொத்த கனமும் வந்து உட்காரும். கணுக்காலுக்குள்ள தாலஸ்னு ஒரு எலும்பு இருக்கு. அதோட வெளி மூலை, மேல இருக்கற எலும்புக்கும் கீழ இருக்கற குதிகால் எலும்புக்கும் நடுவுல மாட்டிக்கும்."

"பாக்குவெட்டியில பாக்கு."

"அதேதான் சார். மூலை உடைஞ்சா கணுவுக்குக் கீழ வீங்கும். பார்த்தா சுளுக்கு மாதிரியே இருக்கும். சாதா எக்ஸ்ரேயில பக்கத்து எலும்பு மறைச்சிடும். கட்டு போட்டு அனுப்பிடுவாங்க. அது ஒட்டாமலே நின்னு, காலம் பூரா வலிக்கும்."

"கெட்டியான பூட்ஸ் போட்டுத் தொலைக்கறது."

"கணுக்கால் தப்பிக்கும், முழங்கால் மாட்டும். அதனாலதான் எங்க பூட்ஸ். வழக்கமா துணி மாதிரி வளையும். கால் ஆபத்தான கோணத்துக்குப் போறதுக்கு ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு முன்னாடி கல்லா இறுகிடும்."

"எந்தக் கோணம் ஆபத்துன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"காலுக்குக் கால் வேற சார். அதனால பதினாலு நாள் கத்துக்கும். சென்சார் தகடு வெச்ச ரப்பர் செருப்பு ஒரு ஜோடி குடுப்போம். அதைப் போட்டுக்கிட்டு எப்பவும் போல நடந்தா போதும். பியூலா செருப்பு என்ன சொல்லுதுன்னா, இடது கணுக்கால்ல பழைய முறிவு, ஒட்டவே இல்ல. அதனால லேசா மடங்கினாலே பூட்ஸ் இறுகிடுது."

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது, தாடையில் பிளாஸ்திரி, வலது மணிக்கட்டில் கட்டு. பின்னாலேயே விசில் மாட்டிய ஒரு அம்மாள், நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்னவள் பியூலா, படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் மகள். பின்னவர் பயிற்சியாளர் துஷ்யந்தி. யாழ்ப்பாணத்தில் பிறந்து சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் வளர்ந்தவர். பனியைச் சோறு மாதிரி தின்று வளர்ந்ததாகப் பேர்.

"ஐயா, உங்கடை முத்திரையைக் குத்திப்போட்டுப் போங்கோ" என்றார் துஷ்யந்தி. "பூட்ஸிலை ஒரு பிழையும் இல்லை. இந்தப் பிள்ளை இறங்கேக்கை முன்காலைப் பின்னுக்கு இழுக்குது. பயம்."

"பயம் இல்லக்கா" என்றாள் பியூலா. "அந்தரத்துல இருக்கும்போதே அது பூட்டிக்குது. முந்தாநாள் தாடை, நேத்து மணிக்கட்டு. இன்னிக்கு எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"சாட்டுச் சொல்லாதை."

அறையில் இன்னும் நான்கு விளையாட்டு வீராங்கனைகள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அவரவர் கயிற்றைக் கட்டுவதில் திடீரென்று மும்முரமானார்கள்.

பியூலா என் பக்கம் திரும்பினாள். "சார், என் கால் என்கிட்ட நல்லாத்தான் பேசுது. பூட்ஸ்கிட்ட மட்டும் என்ன சொல்லுதுன்னு தெரியல."

இன்னும் ஐந்து நாளில் தேர்வு. வெளிநாட்டுப் பந்தயத்துக்கு இரண்டே இடம். சிவப்பு விளக்கோடு பயிற்சி செய்யலாம், தேர்வில் இறங்க முடியாது. மறுபடி கற்றுக்கொள்ள பூட்ஸுக்குப் பதினான்கு நாள் வேண்டும். அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஸ்கேன் மையத்துக்குப் போய், காலை வெட்டு வெட்டாகப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். முறிவே இல்லை என்று எழுத்தில் இருந்தது. அதைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கம்பெனி பதில் போட்டது: 'அப்படியானால் முறிவு படத்தில் தெரியாத அளவுக்கு நுண்ணியது.'

அந்தப் பதிலைப் படித்ததும் எனக்கு வந்த எரிச்சலில் பனிக்கூடத்தில் பாதி உருகியிருக்கும்.

தராசு பொய் சொன்னால் முதலில் பூஜ்யத்தைப் பார்க்க வேண்டும். தட்டில் ஒன்றும் இல்லாதபோது முள் எங்கே நிற்கிறது என்று. அபினேஷிடம் அந்தப் பதினான்கு நாள் செருப்புப் பதிவைக் கேட்டேன். திரையில் ஓடவிட்டான். பியூலா ஒரு நாளைக்கு முப்பத்தோராயிரம் அடி நடந்திருந்தாள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள்கூட நடுவில் உட்காருவார்கள்.

"ஏம்மா, செவ்வாய்க்கிழமை காலையில பத்தேகாலுக்கு நீ எங்க இருந்தே?"

"பனியில சார். பயிற்சி ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு."

"செருப்பு?"

"ஹாஸ்டல் வாசல்ல. பழைய பூட்ஸை மாட்டிக்கிட்டு வேன்ல ஏறிடுவோம்."

"அந்த நேரத்துல உன் செருப்பு நானூத்தி இருபது அடி நடந்து, ஒரு இடத்துல நாலு நிமிஷம் நின்னு, திரும்பி வந்திருக்கே."

பியூலா மெதுவாக, "சமையல் செங்கமலக்கா" என்றாள். "கொத்தமல்லி வாங்கப் போயிருப்பாங்க."

அபினேஷ் புரியாமல் விழித்தான். "அவங்க ஏன் சார் இவங்க செருப்பைப் போடணும்?"

"தம்பி, உங்க வீட்டு வாசல்ல கிடக்கற செருப்பை வேற யாரும் போட்டுக்கிட்டுப் போனதே கிடையாதா?"

யோசித்தான். மூக்கு சிவந்தது. "அப்பா என்னுதுலதான் சார் பால் வாங்கப் போவார்."

இவ்வளவு எளிதாகக் கண்டுபிடித்தாகிவிட்டது, முடிந்தது கதை என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. கம்பெனியின் தலைமை அலுவலகம் ஐரோப்பாவில். உதவி எண்ணில் நாங்கள் காத்திருந்த நேரத்தில் என் கன்னத்தில் இரண்டு நாள் தாடி முளைத்தது. கடைசியில் ஒருவர் எடுத்தார். அபினேஷ் ஆங்கிலத்தில் கெஞ்சினான், விளக்கினான், படம் வரைந்து அனுப்பினான். போனை வைத்துவிட்டு நெற்றியைத் தடவினான்.

"நம்பமாட்டேங்கறாங்க சார். ஒருத்தர் செருப்பை இன்னொருத்தர் எதுக்குப் போடுவாங்கன்னு திருப்பித் திருப்பிக் கேக்கறாங்க. திருட்டான்னு கேட்டாங்க. திருட்டு இல்ல, திரும்ப விட்டுடுவாங்கன்னு சொன்னேன். அப்படின்னா அது எந்த வகைன்னு கேக்கறாங்க. படிவத்துல 'திருட்டு', 'சேதம்', 'நாய்' மூணுதான் இருக்கு."

துஷ்யந்தி சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அவையள் சொல்லுறது சரிதானே. நாற்பது வருஷம் நான் அங்கை இருந்தனான். மற்றாளின்ர செருப்பை ஒருத்தரும் காலிலை கொழுவமாட்டினம். இதெல்லாம் இந்தப் பிள்ளையைக் காப்பாத்த நீங்கள் கட்டுற கதை ஐயா."

ஆனாலும் அபினேஷ் ஒரு வழி கண்டுபிடித்தான். செருப்பைப் போட்ட ஒவ்வொருவரும் வந்து பூட்ஸ் அறையில் இருக்கும் அளவுத் தகட்டின் மேல் இரண்டு நிமிடம் இடது காலை வைத்தால், அந்தக் கால் எது என்று பதிவில் பிரித்து, கழித்துவிடலாம். கடைசியில் மிஞ்சுவது பியூலாவின் கால். யார் யார் என்று தெரிந்தால் போதும்.

ஹாஸ்டலில் கேட்டோம். ஒரு ஆள் ஒத்துக்கொள்ளவில்லை. சமையல் செங்கமலம் தன் வாழ்நாளில் பிறர் செருப்பைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றாள். வாட்ச்மேன் துரைக்கண்ணு நெஞ்சில் கை வைத்து மறுத்தார். அப்போது அவர் காலில் பியூலாவின் செருப்பு இருந்தது. அது அவருக்கே தெரியவில்லை.

கடைக்காரனிடம் கேட்டால் பொய்தான் வரும். கையைப் பார்க்க வேண்டும். மறுநாள் நான் ஹாஸ்டல் வாசலுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே காலையில் பியூலாவின் நீலச் செருப்பு செங்கமலத்தோடு இரண்டு முறை கடைக்கும், துரைக்கண்ணுவோடு மோட்டார் போடவும், பியூலாவின் அறைத்தோழி ஷாமிலியோடு துணி காயப்போடவும் போய்வந்தது. இந்தியன் ரயில்வே அவ்வளவு பேரை ஏற்றி இறக்கியிருக்காது.

மூன்று பேரையும் பூட்ஸ் அறைக்கு அழைத்து வந்தோம். செங்கமலம் தகட்டைப் பார்த்துப் பின்வாங்கினாள். "என் காலை எதுக்குப்பா மெசின்ல வைக்கணும், நான் என்ன பறக்கவா போறேன்?"

"நீங்க வெச்சாதான்கா நான் பறக்க முடியும்" என்றாள் பியூலா.

செங்கமலம் காலைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து வைத்தாள். வைக்கும் முன் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்று கால்களையும் கழித்தான் அபினேஷ். நாங்கள் ஏழு பேரும் விளக்கையே பார்த்தோம்.

சிவப்பு. முன்னைவிட அடர்த்தியான சிவப்பு.

"ஐயோ சார்" என்றான் அபினேஷ். "நல்ல கால்களைக் கழிச்சதும் கெட்டது இன்னும் சுத்தமா தெரியுது. பியூலாவைச் சேர்த்து நாலு கணுக்கால் ஆச்சு. அஞ்சாவதா ஒண்ணு இருக்கு. முறிஞ்சது அதுதான்."

துஷ்யந்தி விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். "அல்லது முறிஞ்சது நாலாவது. பிள்ளையின்ரதேதான். இன்னும் ரெண்டு நாளிலை தேர்வு. இனி இவளைக் குழப்பாதேயுங்கோ. பியூலா, வீட்டை போ. அடுத்த வருஷம் பாப்பம்."

பியூலா மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்து, மறுபடி சுற்றி, மறுபடி அவிழ்த்தாள். பிறகு, "அடுத்த வருஷமும் வாசல்லதான்கா செருப்பு விடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அபினேஷ் பதிவை நுணுகிப் பார்த்தான். ஐந்தாவது கால் தினமும் விடிகாலை ஐந்து நாற்பதுக்கு வருகிறது. அறுபத்திரண்டு அடி நடக்கிறது. எட்டு நிமிடம் நிற்கிறது. திரும்புகிறது. பதினான்கு நாளும் ஒரே நேரம். ரேஷன் கடைகூட அவ்வளவு ஒழுங்காகத் திறந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஐந்தரைக்கே போய்க் குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால் நின்றேன். கொசுக்கள் என்னில் பாதியைத் தூக்கிக்கொண்டு போயின. ஐந்து நாற்பதுக்குக் கதவு திறந்தது. வெளியே வந்தவர் குனிந்து பார்க்காமல், வாசலில் கிட்டக் கிடந்த நீலச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

நான் பின்னாலேயே போனேன். அதே ஹாஸ்டலில் தங்கியிருந்த துஷ்யந்தி சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஐயா. பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதேயுங்கோ. நாளைக்கு விட்டிடுவன்."

"எத்தனை வருஷமா நாளைக்கு விடப்போறீங்க?"

"இருபத்தாறு."

"நான் சிகரெட்டைப் பத்திக் கேக்கல மேடம். உங்க காலைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். நிஜமாகவே திடுக்கிட்டார். "இது என்ர இல்லை" என்றார். கால்விரலை அசைத்துப் பார்த்துவிட்டு, "கிட்டக் கிடந்ததைக் கொழுவியிருக்கிறன்" என்றார், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது மாதிரி.

"நிக்கும்போது இடது கால்ல கனத்தை வைக்காம வலதுக்கு மாத்திக்கறீங்களே, ஏன்?"

"அது பழஞ் சுளுக்கு. பத்தொன்பது வயசிலை பெரிய பாய்ச்சல் ஒண்டு பாய்ஞ்சு இறங்கேக்கை வந்தது. டொக்டர் படம் எடுத்தவர். முறியேல்லை, சுளுக்கு, மூண்டு கிழமையிலை மாறும் எண்டார். பிறகும் இறங்குற நேரம் குத்தினது. திரும்பவும் படம். ஒண்டும் இல்லை எண்டார். பயிற்சியாளர் சொன்னார், பிரச்சினை உன்ர காலிலை இல்லை, தலையிலை எண்டு. அப்பா சொன்னார், ஒரு பயந்தாங்கொள்ளிக்காகவோ நான் ரெண்டு வேலை செய்தனான் எண்டு. எல்லாரும் ஒண்டையே சொன்னா ஆள் என்ன செய்யும்? நானும் நம்பினன். விட்டிட்டன்."

நான் போனில் அபினேஷ் அனுப்பிய நடைக் கோட்டுப் படத்தைக் காட்டினேன். ஒவ்வொரு அடியிலும், பாதம் மேலே மடங்கும் அதே இடத்தில், ஒரு சின்னப் பள்ளம். நூற்றுக்கணக்கான அடிகள், எல்லாவற்றிலும் அதே பள்ளம். அவர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். சிகரெட் தானாக எரிந்து விரலைத் தொட்டது.

"அப்ப இது பியூலாவின்ர இல்லை."

"இல்ல."

"நான் போய்க் காலை வைச்சா அவளுக்குப் பச்சை வரும்."

"வரும். ஆனா மேடம், பூட்ஸ்ல வர்ற சிவப்பு வேற. இப்படிப் பிரிச்சு இன்னார் கால்னு உறுதியாகற சிவப்பு தானாவே பனிச்சறுக்குச் சங்கத்துக்குப் போயிடும். அப்படி உறுதியான கால் பயிற்சிக்குக்கூடப் பனியில நிக்கக் கூடாது. ஆடுறவங்களோ, சொல்லிக் குடுக்கறவங்களோ, விதி ஒண்ணுதான். உங்க வேலை அன்னிக்கே முடிஞ்சுது. சொல்லாம கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"அந்தப் பெடியனாலை அதை நிப்பாட்டேலாதோ?"

"கேட்டேன். அதுக்குப் பொத்தானே வைக்கலியாம்."

"வலது காலை வைச்சால்?"

"இடதுதான் வேணும்."

"தெரியும் ஐயா. சும்மா கேட்டனான்."

பொய்த் தராசைப் பிடித்த நாட்களில் எனக்கு ஒரு கிலோ ஜிலேபி தின்ற மாதிரி இருக்கும். அன்று வாயெல்லாம் கசந்தது. துஷ்யந்தி செருப்பைக் கழற்றினார். "இனி ஒரு அடியும் இதிலை சேரக்கூடாது" என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு, சரளைக் கல்லில் வெறும் காலோடு நடந்தார். அப்போதுதான் பார்த்தேன், இடது கால் ஒவ்வொரு முறையும் தரையைத் தொடுமுன் ஒரு கணம் தயங்கியது.

எட்டு மணிக்குத் தகட்டின் மேல் காலை வைத்தார். பியூலாவை வரச்சொல்லியிருந்தோம். அபினேஷ் கழித்தான். பியூலாவின் பூட்ஸில் பச்சை எரிந்தது. அதே நொடியில் துஷ்யந்தியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை சாம்பல் நிறமாக மாறியது. அவ்வளவு வேகமாக வேலை செய்த அரசாங்கமோ சங்கமோ நான் கண்டதில்லை.

நாங்கள் எல்லோரும் பியூலா துள்ளுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் பூட்ஸைக் கையில்கூட எடுக்கவில்லை.

"எனக்குப் பயம்னு சொன்னீங்க."

"ஓம். பிழையாச் சொல்லிப்போட்டன்."

"எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. மூணு வாரமா. நானே ராத்திரி படுத்துக்கிட்டு யோசிப்பேன், நெஜமாவே பயம்தானோ, பூட்ஸ் மேல பழி போடறேனோன்னு."

"ஓம்."

"ஓம் ஓம்னா என்னக்கா அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு, பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினாள். துஷ்யந்தி அவள் பின்னால் போகப் பார்த்தார். பனிக்குப் போகும் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

அன்று முழுக்க நான் சங்கத்துக்கு எழுபது முறை போன் செய்தேன். சரி, ஏழு. ஒருநாள் மட்டும், சரிவின் விளிம்பில் மட்டும், அந்த அம்மாள் நிற்கட்டும். குதிக்கப்போவது அவர் இல்லையே என்றேன். விதி அவருடைய கணுக்காலின் நன்மைக்குத்தான் என்றார்கள். இருபத்தாறு வருஷம் அந்தக் கணுக்காலை எந்த விதியும் விசாரிக்கவில்லையே என்றேன். புகாரை எழுத்தில் தரச் சொன்னார்கள். பதினான்கு ஜோடிக்கும் முத்திரை குத்தினேன். குறிப்பு என்ற இடத்தில், 'கருவி சரியாக அளக்கிறது. யாரை அளக்கிறது என்பது கருவிக்குத் தெரியாது' என்று எழுதினேன். அந்த இடத்தில் இருபது எழுத்துக்கு மேல் ஏறாது என்று கணினி பாதியை வெட்டிவிட்டது.

தேர்வு அன்று துஷ்யந்தியும் நானும் பனிக்கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், வெயில் பக்கம் நின்றோம். கண்ணாடி ஒரு முழம் தடிமன் இருக்கும்; உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. வழக்கமாகக் குதிக்கும் விளிம்பருகே நின்று, எழும்ப வேண்டிய கணத்தில் கைதட்டுவது துஷ்யந்திதான். இன்று அந்த இடத்தில் ஒரு ஆரஞ்சு நிறக் கூம்பை வைத்திருந்தார்கள்.

பியூலாவின் முறை பதினான்காவது, கடைசி. அவள் உச்சியில் வந்து நின்றபோது துஷ்யந்தியின் போன் அடித்தது. முந்தின நாள் அவர் காலை ஸ்ரீபெரும்புதூரில் ஸ்கேன் எடுக்க நான்தான் ஸ்கூட்டரில் அழைத்துப் போயிருந்தேன். படம் வந்துவிட்டது.

"இப்ப பார்க்காதீங்க மேடம். அவ இறங்கப் போறா."

"ஓம், இந்தா" என்றார். ஆனால் விரல் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனது.

பியூலா கிளம்பினாள். விளிம்பில் கைதட்ட யாரும் இல்லை, அவளே எழும்பினாள். மூன்று தென்னை மரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு, அவ்வளவு உயரம் என்று யாரிடமும் சொல்வேன். ஒரு முழுச் சுற்று சுற்றினாள். பலகை பனியைத் தொட்டது. முன்கால் மடங்கியது, எவ்வளவு மடங்க வேண்டுமோ அவ்வளவு. பூட்ஸ் குறுக்கே வரவில்லை. அடியில் போய் வெண்புழுதி கிளப்பிக்கொண்டு நின்றாள்.

துஷ்யந்தி அதைப் பார்க்கவில்லை. வேலையைக் கொடுத்து வாங்கிய அந்த ஒரு பாய்ச்சலை அந்தக் கூடத்தில் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

"இஞ்சை பாருங்கோ ஐயா" என்றார். எலும்பின் வெளி மூலையில், நகம் அளவு ஒரு துண்டு தனியாக நின்றது. நடுவே கறுப்பாக ஒரு கோடு. "இருக்கு. இவ்வளவு காலமும் இருந்திருக்கு. அப்பா செத்து ஒன்பது வருஷம். ஆருக்குக் காட்டுறது இதை?"

"பியூலா இறங்கிட்டா மேடம்" என்றேன்.

"என்னது? எப்பிடி இறங்கினவள்?"

"முன்கால்ல. சுத்தமா."

"காலை இழுத்தவளோ?"

"துளிகூட இல்ல."

பலகையில் மதிப்பெண் ஏறியது. இரண்டாவது இடம். துஷ்யந்தி போனைக் கையில் பிடித்தபடியே கண்ணாடியைத் தட்டினார். சத்தம் உள்ளே போகாது என்பது தெரிந்தும் தட்டினார். பியூலா ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, வேண்டாவெறுப்பாகப் பனியில் நடந்து கண்ணாடிக்கு அருகே வந்தாள்.

துஷ்யந்திக்கு எந்த வார்த்தையும் அந்தப் பக்கம் போகாது. படத்தைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் காட்டினார். கறுப்புக் கோட்டின் மேல் விரல் வைத்தார்.

பியூலா பார்த்தாள். முகம் வெளுத்தது. குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். 'என்னுதா?' என்று உதடு அசைந்தது.

"இல்லையடி, இல்லை" என்றார் துஷ்யந்தி. தலையை ஆட்டினார், கையை ஆட்டினார். பியூலாவுக்கு விளங்கவில்லை, பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் துஷ்யந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு, நாற்பத்தைந்து வயது இடது காலைத் தூக்கி, உள்ளங்காலைக் கண்ணாடியில் படத்துக்குப் பக்கத்தில் பதித்தார்.

பியூலா கயிற்றை விட்டாள். படத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து பேச ஆரம்பித்தாள். ஒரு சொல்லும் எங்களுக்குக் கேட்கவில்லை. திட்டினாள் என்றுதான் நினைக்கிறேன். மூச்சு விடாமல், கையை நீட்டி நீட்டி, நன்றாக நீளமாகத் திட்டினாள். நடுவில் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துஷ்யந்தி எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு, காலை இறக்காமலே நின்றார்.